சுவரில் பூசும் விளக்கு வருமா?

இரவு எட்டு மணி. திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் எதைத் தேடுகிறார்கள்? மெழுகுவர்த்தியையா? இல்லை. செல்போனைத் தேடுகிறார்கள். திரையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வந்துவிடுகிறது.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

பழைய ரகப் போனாக இருந்தால், திரைக்குப் பின்னால் சின்ன விளக்குகள் ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருப்பது ஜன்னல் கதவு மாதிரி. கதவு திறந்தால் ஒளி வெளியே வரும். மூடினால் நின்றுவிடும். ஆனால் எந்தக் கதவும் முழுதாக மூடுவதில்லை அல்லவா? இடுக்கு வழியே கொஞ்சம் கசியும். அதனால்தான் இருட்டறையில் அந்தப் போனில் கறுப்புப் படத்தைப் பார்த்தால், அது கறுப்பாக இராமல் சாம்பல் பூத்தது போலத் தெரியும்.

புது ரகத் திரையில் பின்விளக்கே கிடையாது. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு விளக்கு! பல லட்சம் விளக்குகள். எந்தப் புள்ளி கறுப்பாக இருக்க வேண்டுமோ, அந்தப் புள்ளி அணைந்தே போய்விடும். இந்த விளக்குகளுக்குத்தான் 'ஓ.எல்.இ.டி.' என்று பெயர்.

இதில் திரி இல்லை. பல்பில் உள்ளது போலக் கம்பி இல்லை. டியூப் லைட்டில் உள்ளது போல ஆவி இல்லை. கரியை அடிப்படையாகக் கொண்ட ரசாயனப் பொருள்களை மிக மெல்லிய ஏடாகப் படிய வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். பாலில் படியும் ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியது. ஒரு தலைமுடியின் கனத்தில் இந்த ஏடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கலாம்.

இந்த ஏட்டை வைத்து டெலிவிஷன் செய்துவிட்டார்கள். போன் செய்துவிட்டார்கள். ஆனால் நம் வீட்டு முற்றத்துக்கும் கூடத்துக்கும் இதை வைத்து மலிவான விளக்குச் செய்ய முடியவில்லை. ஏன்? அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று சில விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அந்த வழியின் பெயர், உப்பு!

400 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டுக்கு

கரிப் பொருளுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஒளி காண்பது ஒன்றும் புதிய ஆசை அல்ல. 1950-களில் பிரான்சில் பெர்னனோஸ் என்பவர் முயன்று பார்த்தார். 1963-ல் நியூயார்க்கில் மார்ட்டின் போப் என்ற விஞ்ஞானி, ஆந்த்ரசின் என்ற பளிங்கில் மின்சாரம் பாய்ச்சி ஒளியைக் கண்டார். அதற்கு அவர் கொடுத்த மின்சாரம் சுமார் 400 வோல்ட்! நம் வீட்டில் வருவதோ 230 வோல்ட். வீட்டு மின்சாரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தால் மங்கலாக மினுக்கும் ஒரு கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உலகம் அதை மறந்துவிட்டது.

மீண்டும் அதை எடுத்தவர் ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துக் கோடக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவரும், கூட வேலை செய்த ஸ்டீவன் வான் ஸ்லைக் என்பவரும் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரே கட்டிக்குப் பதிலாக, மெல்லிய ஏடுகள் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் படிய வைத்தார்கள். ஓர் ஏடு எதிர் மின்சாரத்தை அழைத்து வரும். மற்றது நேர் மின்சாரத்தை அழைத்து வரும். இரண்டும் எல்லையில் சந்தித்ததும் பச்சை ஒளி! 10 வோல்ட்கூடத் தேவைப்படவில்லை. 1987-ல் இந்தச் செய்தியை வெளியிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு, வேதனையும் உண்டு. போட்டோ பிலிம் விற்றுப் பெரும் பணம் சம்பாதித்த கம்பெனி கோடக். படம் எடுக்கப் பிலிமே வேண்டாம் என்ற காலம் வந்தது. கோடக் தடுமாறியது. தன் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்த ஓ.எல்.இ.டி. தொழிலை 2009-ல் தென்கொரியாவின் எல்.ஜி. கம்பெனிக்கு விற்றுவிட்டது. 2012-ல் கோடக் திவால் மனுப் போட்டது. விற்ற பொருள் இன்று உலகம் முழுவதும் ஒளிர்கிறது.

நாலு மூட்டையில் மூன்று வீண்

டாங் செய்த விளக்கில் ஒரு பெரிய குறை இருந்தது. அது அவருடைய தவறு அல்ல. இயற்கை போட்ட கணக்கு அப்படி.

எலெக்ட்ரான் என்று ஒன்று இருக்கிறது. அணுவுக்குள் இருக்கும் மின்சாரத் துளி. அது பம்பரம் போலச் சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டுக்குள் இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வந்து ஜோடி சேரும்போது, நான்கு விதமாகச் சேர முடியும். அதில் ஒரே ஒரு விதத்தில்தான் ஒளி பிறக்கும். மற்ற மூன்று விதத்திலும் பம்பரங்கள் 'ஒத்துவராத' நிலையில் நின்றுவிடும். ஒளி தராமல் வெறும் சூடாகக் கரைந்துபோகும்.

நாலு மூட்டை நெல் அறுத்து, ஒரு மூட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்றை வயலிலேயே மக்கவிட்ட கதைதான்.

அந்த மூன்று மூட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவர வழி கண்டவர்கள், அமெரிக்கப் பேராசிரியர்கள் ஸ்டீபன் பாரஸ்ட், மார்க் தாம்சன் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும். 1998-ல் பிளாட்டினம் கலந்த சேர்மானத்தை வைத்துப் பரிசோதித்தார்கள். மறு ஆண்டு இரிடியம் என்ற உலோகத்தை வைத்துப் பரிசோதித்தார்கள். இரிடியம் கனமான அணு. அதில் 77 எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அணு கனமாக இருந்தால், அதன் பக்கத்தில் வரும் பம்பரத்தின் சுழற்சியை அது புரட்டிவிடும். ஒத்துவராத ஜோடிகளும் ஒளி தரத் தொடங்கிவிடும்.

2001-ல், உள்ளே சேர்ந்த ஜோடிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நூறும் ஒளியாக மாறுவதைக் காட்டினார்கள். நாலு மூட்டையும் வீடு வந்து சேர்ந்தது!

(ஆனால் வீட்டுக்குள் வந்ததெல்லாம் பானைக்கு வந்துவிடவில்லை. பிறந்த ஒளியில் பெரும் பகுதி கண்ணாடிக்குள்ளேயே முட்டி மோதி நின்றுவிடுகிறது. அது வேறு தலைவலி. அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.)

வானவில் தேவதையின் உலோகம்

இரிடியம் என்றால் நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நம் தாத்தாக்கள் நல்ல பவுண்டன் பேனா வாங்கும்போது நிப்பு முனையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். தாளில் உரசி உரசித் தேயாமலிருக்க, அந்த முனையில் இரிடியம் வகைக் கடின உலோகத்தைப் பொட்டு வைத்தது போல ஒட்டியிருப்பார்கள்.

1803-ல் இங்கிலாந்தில் ஸ்மித்சன் டென்னன்ட் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். இதன் உப்புகள் பல நிறங்களில் ஜொலித்தன. ஆகவே கிரேக்கர்களின் வானவில் தேவதையான 'ஐரிஸ்' பெயரை வைத்தார். ஈயத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கனம். உருகுவதற்கு 2,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

ஆனால் கிடைப்பது மிக அரிது. உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் பூமியிலிருந்து எடுக்கும் தங்கம் 3,000 டன்னுக்கு மேல். இரிடியமோ ஏழெட்டு டன்தான்! இரண்டு லாரிகளில் ஏற்றிவிடலாம். அதிலும் பெரும் பகுதி தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. இரிடியத்துக்கென்று சுரங்கமே கிடையாது. பிளாட்டினம் தோண்டும்போது கூடவே வரும் துணைச் சரக்கு இது. விலை ஏறினாலும் கூடுதலாகத் தோண்ட முடியாது. பிளாட்டினம் எவ்வளவு எடுக்கிறார்களோ, அதற்கேற்றபடிதான் இரிடியம்.

இப்போது இதற்குப் போட்டிக்கு இன்னொருவரும் வந்துவிட்டார். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் புது யந்திரங்களில் ஒரு முக்கிய வகைக்கும் இரிடியம் தேவை. 2021-ல் ஓர் அவுன்ஸ் விலை 6,000 டாலரைத் தாண்டியது.

ஒரு போனுக்குத் தூசி அளவு இரிடியம் போதும். ஆகவே போன் வாங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சுவர் சுவராக விளக்குப் போட நினைப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

தொழிற்சாலைக்குள் ஒரு வெற்றிடம்

விலைக்கு இரிடியம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

ஓ.எல்.இ.டி. திரையை எப்படிச் செய்கிறார்கள்? ஒரு பெரிய இரும்பு அறை. அதிலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அடியில் ரசாயனப் பொடியைச் சூடாக்குவார்கள். அது ஆவியாகி மேலே போய், கண்ணாடித் தகட்டில் படியும். இட்லிப் பானையின் மூடியில் நீராவி படிகிறதே, அதுபோல. சிவப்புப் புள்ளிக்கு ஓர் இடம், பச்சைக்கு ஓர் இடம், நீலத்துக்கு ஓர் இடம். ஆகவே நடுவில் மெல்லிய சல்லடைத் தகட்டை வைப்பார்கள். கோலப் பொடி அச்சு மாதிரி. துளைக்கு நேராகப் போகும் பொடிதான் கண்ணாடியில் சேரும். மீதியெல்லாம் சல்லடையிலும் அறைச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அதில் விலைமதிப்பான இரிடியமும் உண்டு!

ஓர் ஏடு போதாது. மின்சாரத்தை உள்ளே இழுக்க ஓர் ஏடு, கொண்டுபோக ஓர் ஏடு, தடுக்க ஓர் ஏடு, ஒளிரச் செய்ய ஓர் ஏடு என்று ஐந்தாறு வேண்டும். சில திரைகளில் பத்துக்கும் மேல். அப்புறம், எதிர் மின்சாரம் எளிதாக உள்ளே நுழைய லிதியம், மக்னீசியம், கால்சியம் போன்ற ரோஷக்கார உலோகங்களையும் சேர்க்க வேண்டும். காற்றும் ஈரமும் பட்டால் அவை கெட்டுப்போகும்.

எனவே ஒரு திரைத் தொழிற்சாலை கட்ட ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வேண்டும். 2007-ல் ஜப்பானின் சோனி கம்பெனி உலகின் முதல் ஓ.எல்.இ.டி. டெலிவிஷனைக் கடைக்குக் கொண்டுவந்தது. மிக மெல்லிய இடத்தில் அதன் கனம் 3 மில்லி மீட்டர்தான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மூலைக்கு மூலை திரையின் அளவோ 11 அங்குலம். விலை 2 லட்சம் யென்! பள்ளி நோட்டுப் புத்தக அளவுத் திரைக்கு அவ்வளவு பணம்.

உப்பு நுழைகிறது

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான்.

சாப்பாட்டு உப்பைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது? கரைகிறது. கரையும்போது அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேர் மின்சாரம் ஏறிய துகள். மற்றது எதிர் மின்சாரம் ஏறிய துகள். இந்தத் துகள்களுக்கு 'அயனி' என்று பெயர். பேட்டரிக்குள் ஓடுவதும் அயனிகள்தான்.

ஒளி தரும் பொருளோடு இப்படி ஓடும் அயனிகளையும் கலந்தால் என்ன? 1995-ல் கலிபோர்னியாவில் கிபிங் பெய், ஆலன் ஹீகர் முதலியோர் இதைச் செய்து காட்டினார்கள். (மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கைக் கண்டதற்காக ஹீகர் 2000-ல் நோபல் பரிசு பெற்றார்.) இந்தப் புது ரக விளக்கை 'எல்.இ.சி.' என்கிறார்கள். பாதி விளக்கு, பாதி பேட்டரி என்று சொல்லலாம்.

மறு ஆண்டு இன்னும் ஒரு படி போனார்கள். ஒளி தரும் பொருள் தனி, உப்பு தனி என்று எதற்கு? ஒளி தரும் பொருளே உப்பாக இருந்தால்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் 1996-ல் ருதேனியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டு அத்தகைய விளக்கைச் செய்தார்கள். ஆரஞ்சு கலந்த சிவப்பு ஒளி வந்தது. 2004-ல் இரிடியம் உப்பின் முறை. கார்னெல், பிரின்ஸ்டன் கலாசாலைகளைச் சேர்ந்தவர்கள் மஞ்சள் ஒளியை எழுப்பினார்கள். அதற்கு வேண்டியிருந்த மின்சாரம் 3 வோல்ட். டார்ச் லைட்டில் போடுகிற இரண்டு செல் போதும்!

இந்த உப்பின் அமைப்பு அழகானது. நடுவில் ஓர் இரிடியம் அணு. அதைச் சுற்றி மூன்று கரிச் சேர்மானங்கள், மூன்று பேர் கைகோத்துச் சூழ்ந்து நிற்பது போலப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தக் கூட்டம் முழுவதும் நேர் மின்சாரம் ஏறியது. பெரிய உருவம். ஆகவே நகராமல் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்குத் துணையாக எதிர் மின்சாரம் ஏறிய ஒரு சின்ன அயனி உண்டு. இந்தச் சின்னப் பயல்தான் சும்மா இருக்கமாட்டான். ஏட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருப்பான்.

மின்சாரத்தைச் செலுத்துகிறோம். சின்ன அயனிகள் நேர் முனைப் பக்கம் நகர்ந்து கூடுகின்றன. எதிர் முனைப் பக்கம் அவை குறைந்துவிடுகின்றன. அங்கே பெரிய அயனிகளின் கை ஓங்குகிறது. இதனால் என்ன லாபம்? உலோகத் தகட்டிலிருந்து ஏட்டுக்குள் மின்சாரம் ஏற வேண்டுமானால் ஓர் உயரமான திண்ணையில் ஏறுவது போலச் சிரமப்பட வேண்டும். அயனிகள் கூடியதும் அந்தத் திண்ணைக்குப் படிக்கட்டுக் கட்டிவிட்டது போல் ஆகிறது. மின்சாரம் சிரமமின்றி ஏறிவிடுகிறது.

படிக்கட்டு தானாகவே கட்டப்படுவதால் ஐந்தாறு ஏடுகள் வேண்டாம். ஓர் ஏடு போதும். ரோஷக்கார உலோகங்கள் வேண்டாம். சாதாரண அலுமினியம் போதும், வெள்ளி போதும்.

இன்னும் ஒன்று. உப்பு எளிதில் ஆவியாகாது. சூடாக்கினால் சிதைந்துபோகும். அதனால் வெற்றிட அறையில் வைத்து இதைப் படியவைப்பது கடினம். பார்வைக்கு இது ஒரு குறை. ஆனால் கரையும் குணம் இருக்கிறதே! தக்க திரவத்தில் கரைத்து மை போலப் பூசலாம். அச்சு யந்திரத்தில் ஓடவிடலாம். தெளிப்பானில் பீய்ச்சலாம். பத்திரிகை அச்சாகிற மாதிரி விளக்கு அச்சாகும் என்று சொன்னால் பத்திரிகைக்காரனுக்கு மகிழ்ச்சி வராமல் இருக்குமா?

சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம்!

மகிழ்ச்சி அதிக நேரம் நிற்கவில்லை. இந்த விளக்குக்கு மூன்று நோய்கள்.

முதல் நோய், மந்தம். அயனிகள் ஏட்டுக்குள் நகர்வது, சேற்றில் நடப்பது போல. அவை போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒளி வரும். சில நிமிஷம் ஆகும். சில உப்புகளில் மணிக்கணக்கும் ஆனது! சுவிட்சைப் போட்டுவிட்டு, குளித்து, சாப்பிட்டு வந்து பார்த்தால் எரிந்துகொண்டிருக்கும். இப்படி ஒரு விளக்கை யார் வாங்குவார்கள்?

அயனிகளை வேகமாக ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். சாதாரணச் சூட்டிலேயே திரவமாக இருக்கும் சில உப்புகளைக் கலந்து, அப்படி ஓடவும் விட்டார்கள். விளக்கு சீக்கிரம் எரிந்தது. சீக்கிரம் அணைந்தும் போனது! ஓடத் தொடங்கிய அயனிகள் நிற்பதில்லை. படிக்கட்டுக் கட்டிய பிறகும் தொடர்ந்து குவிந்து, ஒளி பிறக்கும் இடத்தையே நெரித்துவிடுகின்றன.

இரண்டாவது நோய், அற்பாயுசு. ஆரம்ப கால விளக்குகள் பல, சில மணி நேரத்தில் செத்துவிட்டன. காரணத்தைத் தேடிப் போனபோது அகப்பட்ட எதிரி யார் தெரியுமா? தண்ணீர். ஏட்டுக்குள் ஒளிந்திருக்கும் துளி ஈரம். ஒளிரும் நேரத்தில் உலோக அணுவைச் சுற்றியுள்ள மூவரின் பிடி சற்று தளரும். அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் மூலக்கூறு உள்ளே புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது ஒளிராது.

இதற்கு வைத்தியம் கண்டவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். ஸ்பெயினில் வலென்சியா நகரத்து ஹெங்க் போலிங்க், ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரத்து எட்வின் கான்ஸ்டபிள், காதரின் ஹவுஸ்கிராப்ட் ஆகியோரின் கூட்டம் அது. உலோக அணுவைச் சுற்றி நிற்பவர்களின் கையில் இன்னொரு கரி வளையத்தைப் பொருத்தினார்கள். அது பக்கத்து வளையத்தின் மீது தட்டின் மேல் தட்டு வைத்தாற்போல் நெருங்கிப் படிந்துகொண்டது. வேலி அடைத்தது போல் ஆயிற்று. தண்ணீர் நுழைய இடுக்கு இல்லை. 2008-ல் வெளியான இந்த ஆராய்ச்சியில் விளக்கின் ஆயுள் ஆயிரம் மணியைத் தாண்டியது. சில மணியிலிருந்து ஆயிரம் மணி! அணு அளவில் ஒரு வேலி போட்டதன் பலன் இது.

மந்தத்துக்கும் மருந்து கிடைத்தது. மின்சாரத்தை ஒரே சீராகக் கொடுக்காமல், விட்டு விட்டுத் துடிப்புத் துடிப்பாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியாது. ஆனால் அயனிகளுக்குத் தெரியும்! ஒரு துடிப்பில் நகர்கின்றன, இடைவெளியில் நிற்கின்றன. 2012-ல் வலென்சியா கூட்டம், இப்படி ஏற்றிய விளக்கு உடனுக்குடன் ஒளிர்ந்து, பல நூறு மணி நேரம் நிலைத்ததைக் காட்டியது. உப்பை மாற்றவில்லை, ஊட்டுகிற முறையை மாற்றினார்கள்.

மூன்றாவது நோய் நீலம். அதை வைத்தியர்கள் இன்னும் கைவிடவில்லை. நோயும் அவர்களை விடவில்லை.

நீலம் ஏன் சாகிறது?

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்தால்தான் வெள்ளை. ஆனால் மூன்றும் சமம் அல்ல. நீல ஒளிக்குச் சக்தி அதிகம் வேண்டும். அவ்வளவு சக்தியை ஒரு சேர்மானத்தில் ஏற்றினால் அதன் கட்டுகளே தெறித்துவிடுகின்றன. நீலம் தரும் பொருள், தன் நீலத்தாலேயே அழிகிறது. உப்பு விளக்குக்கு மட்டும் இந்த நோய் இல்லை. கோடிக்கணக்கில் விற்பனையாகும் ஓ.எல்.இ.டி. திரைகளுக்கும் இதே நோய்தான்.

பல வருஷங்களாக இந்தத் திரைகளில் சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் வைத்துவிட்டு, நீலத்துக்கு மட்டும் 'நாலில் ஒரு மூட்டை' தரும் பழைய வகையையே வைத்து ஓட்டி வந்தார்கள். ஆயுளுக்காகச் சிக்கனத்தை விட்டுக்கொடுத்தார்கள். உங்கள் போன் பேட்டரி சீக்கிரம் இறங்குவதில் நீலத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

2025 மே மாதம் எல்.ஜி. டிஸ்பிளே கம்பெனி ஒரு செய்தி வெளியிட்டது. நீலத்துக்கு இரண்டு அடுக்கு வைத்தார்களாம். கீழ் அடுக்கில் பழைய நீலம். மேல் அடுக்கில் நாலு மூட்டையும் தரும் புது நீலம். ஆயுளும் குறையவில்லை, மின்சாரம் சுமார் 15 சதவிகிதம் மிச்சம் என்று கம்பெனி சொல்கிறது. அமெரிக்காவின் யுனிவர்சல் டிஸ்பிளே கம்பெனியோடு சேர்ந்து செய்தது இது. 1994-ல் தொடங்கிய அந்த அமெரிக்கக் கம்பெனி, இரிடியம் விளக்கின் உரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு, திரை செய்கிறவர்களுக்குச் சரக்கும் உரிமையும் விற்று வாழ்கிறது. பழைய நீலத்தை முழுதாக விட்டுவிடும் தைரியம் எல்.ஜி.க்கு வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அச்சடித்தவர்கள் என்ன ஆனார்கள்?

'பூசலாம், அச்சடிக்கலாம் என்றால் இவ்வளவு நாளாக ஏன் செய்யவில்லை?' என்று கேட்கிறீர்களா? செய்து பார்த்தார்கள். சோனி, பானசானிக் ஆகிய இரண்டு பெரிய கம்பெனிகளின் ஓ.எல்.இ.டி. பிரிவுகளைச் சேர்த்து, 2015-ல் ஜப்பானில் 'ஜோலெட்' என்ற கம்பெனியை நிறுவினார்கள். அது பயன்படுத்தியது உப்பு மை அல்ல. சாதாரண ஓ.எல்.இ.டி. பொருளை மையாக்கிப் புள்ளி புள்ளியாகச் சொட்டவிடும் முறை. நோமி என்ற ஊரில் தொழிற்சாலை எழுந்தது. திரைகளும் வந்தன. ஆனால் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2023 மார்ச்சில் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. தொழிற்சாலையை மூடினார்கள்.

அத்துடன் முடிந்ததா? இல்லை. ஜோலெட்டில் முன்பு பணம் போட்டிருந்த சீனாவின் டி.சி.எல். கம்பெனியின் திரைப் பிரிவு, 2024 கடைசியில் அச்சடித்த ஓ.எல்.இ.டி. உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. முதல் சரக்கு, டாக்டர்கள் பார்க்கும் 21.6 அங்குலத் திரை. ஜப்பானில் விழுந்த விதை சீனாவில் முளைக்கிறது. செழிக்குமா என்பது இனித்தான் தெரியும்.

விளக்குத் தொழிலிலும் இதே மாதிரி ஏமாற்றங்கள் நடந்தன. பிலிப்ஸ் கம்பெனி தன் ஓ.எல்.இ.டி. விளக்குத் தொழிலை 2015-ல் விற்றுவிட்டது. எல்.ஜி. டிஸ்பிளேயும் 2019-ல் அந்தத் தொழிலிலிருந்து விலகிற்று. காரணம் கடினமானதல்ல. பக்கத்துக் கடையில் கிடைக்கும் சாதாரண எல்.இ.டி. பல்பு அவ்வளவு மலிவாகிவிட்டது. நூறு ரூபாய் பல்போடு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்த் தொழிற்சாலை மோதினால் எது ஜெயிக்கும்?

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், உப்பு விளக்கு டெலிவிஷனாக வரும் என்று நான் நம்பவில்லை. வீட்டுப் பல்பை அது தோற்கடிக்கும் என்றும் தோன்றவில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது. பல்பு போக முடியாத இடம்.

முள்கரண்டியில் ஒரு விளக்கு

ஸ்வீடனில் உமியோ என்ற ஊர். அங்குள்ள கலாசாலையில் லுட்விக் எட்மன் என்ற பேராசிரியரின் கூட்டம், அயனி விளக்குகளையே பல ஆண்டுகளாக ஆராய்கிறது. 2012-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, வெற்றிடம் எதுவும் இல்லாமல், சாதாரணக் காற்றில், வளையும் தாளின் மேல் யந்திரத்தால் மையை ஊற்றி விளக்குச் செய்தார்கள். 2014-ல் இன்னும் வேடிக்கை. மையைத் தெளிப்பானில் பீய்ச்சி, சாப்பாட்டு மேஜையில் வைக்கும் முள்கரண்டியின் மேல் விளக்குப் பூசினார்கள். கரண்டி ஒளிர்ந்தது! மறு ஆண்டு காகிதத்தின் மேல். அதே 2015-ல் சீனாவின் ஷாங்காய் நகரத்து பூடான் கலாசாலையில் இவ்வகை விளக்கை நூலாக இழுத்துத் துணியோடு சேர்த்து நெய்தார்கள். இந்த விளக்குகளில் ஒளி தந்தது உலோக உப்பு அல்ல. ஒளி தரும் பிளாஸ்டிக். ஆனால் அயனி கட்டும் படிக்கட்டு ஒன்றேதான்.

மருந்துப் பெட்டி மேல் ஒட்டும் சீட்டு, உடம்பில் ஒட்டி ஒளியால் சிகிச்சை செய்யும் பட்டை, இருட்டில் சாலை ஓரம் போகும் தொழிலாளியின் சட்டை இவற்றுக்கெல்லாம் பத்தாயிரம் மணி ஆயுள் வேண்டாம். சில நூறு மணி போதும். மலிவாக இருக்க வேண்டும், வளைய வேண்டும். உப்பு விளக்குக்கு இங்கேதான் வாய்ப்பு.

ஆனால் மலிவு என்று சொல்லும்போது அந்த ஏழெட்டு டன் இரிடியம் மீண்டும் குறுக்கே வந்து நிற்கிறது. டெலிவிஷன் திரையில் இரிடியம், மாவில் போட்ட உப்பு மாதிரி. நூற்றுக்கு ஐந்தோ பத்தோ பங்குதான். உப்பு விளக்கிலோ ஏடு முழுவதும் அதேதான்! ஏடும் தடிமன். தொழிற்சாலைச் செலவைக் குறைக்கிறேன் என்று கிளம்பி, சரக்கின் செலவைக் கூட்டிக்கொண்ட கதையாகிவிடும். பயன்படுத்தித் தூக்கி எறியும் சீட்டில் இரிடியத்தைப் பூசினால் அது குப்பையோடு போய்விடும். தூசி அளவு உலோகத்தை யார் பொறுக்கி எடுப்பது?

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வேறு பக்கமும் பார்க்கிறார்கள். ஜப்பானின் கியூஷு கலாசாலையில் சிஹாயா அடாச்சி என்ற பேராசிரியர், உலோகமே இல்லாமல் நாலு மூட்டையையும் வீட்டுக்குக் கொண்டுவரும் வழியை 2012-ல் காட்டினார். 2001-ல் இரிடியத்தின் நூற்றுக்கு நூறைக் காட்டிய கூட்டத்தில் இதே அடாச்சியும் ஒருவர்! தான் உயர்த்திய உலோகத்துக்குத் தானே மாற்றுத் தேடியிருக்கிறார்.

இன்னொரு பக்கம் செம்பு. நம் வீட்டுத் தவலையும் சொம்பும் செய்த அதே செம்பு. இத்தாலியில் பொலோன்யா நகரத்து ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 2006-ல் செம்பு உப்பை வைத்து இந்த விளக்கை எரித்துக் காட்டினார்கள். விலையில் செம்புக்கு இரிடியம் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் ஒளிரும்போது செம்பின் உருவம் சப்பையாகிவிடுகிறது. கோபுரம் போல நின்றது கூரை போலப் படுத்துவிடும். படுத்ததும் ஒளி வீணாகிறது. படுக்காமல் முட்டுக் கொடுக்க, பருமனான கரி வளையங்களைச் சுற்றிலும் வைத்துப் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு வேலி போட்ட அதே யுக்திதான். செம்பு விளக்கின் ஆயுள் இரிடியம் விளக்கின் ஆயுளை இன்னும் எட்டவில்லை.